ஏதென்ஸ் நகரத்து அறிவும் எருசலேம் நகரத்து விசுவாசமும்

வரலாற்று வகுப்பில் நாம் சாக்ரடீசைப் படிக்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் புனித சின்னப்பரைப் படிக்கிறோம். இருவரும் வெவ்வேறு புத்தகங்களில், வெவ்வேறு பாடவேளைகளில் வருவதால், ஒருவரோடொருவர் தொடர்பே இல்லாத இரண்டு உலகங்களைச் சேர்ந்தவர்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் சாக்ரடீஸ் நடந்து திரிந்து கேள்வி கேட்ட அதே ஏதென்ஸ் நகரத்துச் சந்தைவெளியில், ஏறத்தாழ 450 ஆண்டுகள் கழித்துச் சின்னப்பரும் நின்று வருவோர் போவோரிடம் உரையாடினார்.

அந்தச் சந்திப்பிலிருந்து ஒரு பெரிய கேள்வி பிறந்தது. கிறிஸ்துவை அறியாதவர்கள் எழுதிய நூல்களைக் கிறிஸ்தவர்கள் படிக்கலாமா? படித்தால் விசுவாசம் கெடுமா, வளருமா? முதல் ஐந்து நூற்றாண்டுகளில் இந்தக் கேள்விக்காகப் பெரியோர் வாதாடினர், ஓர் அரசன் சட்டம் போட்டான், இரத்தமும் சிந்தப்பட்டது. நம் வகுப்பிலேயே மறைக்கல்விக்குச் செல்லும் தோழியரும் உண்டு, நன்னெறி வகுப்புக்குச் செல்லும் தோழியரும் உண்டு. மதிய உணவை ஒன்றாக அமர்ந்து உண்கிறோம். ஆகவே இது நமக்கும் உரிய கேள்வியே.

கிரேக்கர் கேட்ட கேள்விகள்

தத்துவம் என்பதற்குக் கிரேக்கர் வழங்கிய சொல் ‘பிலொசொபியா’. ஞானத்தின் மீது அன்பு என்பது அதன் பொருள். ஞானம் தம்மிடம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளாமல், அதன் மேல் அன்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லும் அடக்கமான சொல் அது.

சாக்ரடீஸ் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. நீதி என்றால் என்ன, வீரம் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இளைஞரைக் கெடுக்கிறார், நகரத்தின் தெய்வங்களை மதிக்கவில்லை என்று அவர் மீது குற்றம் சாட்டினார்கள். கி.மு. 399-இல், சுமார் 70-ஆம் வயதில், நஞ்சு அருந்தி உயிர் துறந்தார். தப்பிச் செல்ல நண்பர்கள் வழி செய்தும் அவர் இசையவில்லை.

அவருடைய மாணவர் பிளேட்டோ, கி.மு. 387-ஐ ஒட்டி ஏதென்சில் ‘அகாதமி’ என்ற கல்விக் கழகத்தைத் தொடங்கினார். கண்ணால் காணும் பொருள்கள் யாவும் மாறுபவை; மாறாத உண்மை, மாறாத நன்மை என்று ஒன்று உண்டு; ஆன்மா அதை நாடுகிறது என்று அவர் கற்பித்தார். அங்கே 17 வயதில் மாணவராகச் சேர்ந்த அரிஸ்டாட்டில் 20 ஆண்டுகள் தங்கிக் கற்றார். பின்பு மாமன்னன் அலெக்சாந்தருக்கு ஆசிரியரானார், கி.மு. 335-இல் ‘லைசியம்’ என்னும் தம் சொந்தக் கல்விக் கழகத்தை நிறுவினார்.

அவர்களுக்குப் பின் இரண்டு பள்ளிகள் புகழ் பெற்றன. சைப்ரஸ் தீவிலிருந்து வந்த சீனோ, ‘ஸ்தோவா’ என்ற ஓவியம் தீட்டிய தாழ்வாரத்தில் போதித்தார். அதனால் அவரைப் பின்பற்றியோர் ஸ்தோயிக்கர் எனப்பட்டனர். உலகம் முழுவதையும் ஒரு தெய்வீக அறிவு நடத்துகிறது, அதற்கு இசைந்து வாழ்வதே அறம் என்பது அவர்கள் கொள்கை. இப்பள்ளியில் பின்னாளில் எப்பிக்தேத்தஸ் என்ற அடிமையும் தத்துவஞானி ஆனார். மார்க்கு அவுரேலியு என்ற பேரரசரும் ஆனார். எப்பிக்கூர் என்பவர் ஒரு தோட்டத்தில் தம் நண்பர்களுடன் வாழ்ந்தார். அச்சமும் கவலையும் இல்லாத அமைதியே இன்பம் என்றார். அவருடைய தோட்டத்தில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடம் இருந்தது என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஒரே மொழி பேசிய உலகம்

கி.மு. 331-இல் அலெக்சாந்தர் எகிப்துக் கடற்கரையில் தம் பெயரால் அலெக்சாந்திரியா நகரை அமைத்தார். அவருடைய படைகள் சென்ற வழியெல்லாம் கிரேக்க மொழியும் சென்றது. சந்தையிலும் துறைமுகத்திலும் எல்லாரும் பேசிய அந்த எளிய கிரேக்கத்தைக் ‘கொய்னே’, அதாவது பொது மொழி என்பர்.

அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதர்கள் பலர் எபிரேய மொழியை மறந்து போனார்கள். அதனால் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு தொடங்கிப் பழைய ஏற்பாடு கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. இதற்கு எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று பெயர். புதிய ஏற்பாட்டு நூல்கள் நமக்குக் கிடைத்திருப்பதும் அந்தப் பொதுக் கிரேக்கத்திலேதான். கலிலேயாவில் அரமேய மொழியில் ஒலித்த நற்செய்தி, கொரிந்துக்கும் எபேசுக்கும் உரோமைக்கும் சென்று சேர்ந்தது கிரேக்கச் சொற்களில்.

சொற்களைக் கடன் வாங்கும்போது அவற்றோடு சிந்தனையும் வருகிறது. ‘லோகோஸ்’ என்ற சொல்லைப் பாருங்கள். பேச்சு, கணக்கு, காரணம், அறிவு என்று அதற்குப் பல பொருள். கி.மு. 500-ஐ ஒட்டி எபேசு நகரில் வாழ்ந்த ஹெராக்ளித்து, மாறிக்கொண்டே இருக்கும் உலகை ஒழுங்குபடுத்தும் ஒன்றை லோகோஸ் என்றார். ஸ்தோயிக்கர் அச்சொல்லை எடுத்து ஆண்டனர். இயேசுவின் காலத்திலேயே அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் பிலோ, கடவுள் உலகைப் படைக்கக் கருவியாய் இருந்தது லோகோஸ் என்று எழுதினார். பின்பு புனித அருளப்பர் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் அதே சொல் வருகிறது. நாம் அதை வார்த்தை என்றும் வாக்கு என்றும் தமிழில் சொல்கிறோம். ஆனால் எந்தக் கிரேக்க ஞானியும் சொல்லாத ஒன்றை அருளப்பர் சொன்னார்: அந்த லோகோஸ் மனிதனாகப் பிறந்து நம்மிடையே வாழ்ந்தார் என்பதே அது. சொல் பழையது, செய்தி புதியது.

அரெயோபாகு மன்றத்தில்

சின்னப்பர் பிறந்த தர்சு நகரம் கல்விக்குப் பெயர் பெற்றது. அவர் கி.பி. 50-ஐ ஒட்டி ஏதென்சுக்கு வந்தபோது, ஸ்தோயிக்கரும் எப்பிக்கூரியரும் அவரோடு வாதிட்டு, அரெயோபாகு மன்றத்துக்கு அழைத்துச் சென்றனர். இதை அப்போஸ்தலர் பணி 17-ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம்.

அங்கே அவர் எப்படிப் பேசினார் என்பது நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பாடம். நகரில் கண்ட சிலைகள் அவர் மனத்தை வருத்தியிருந்தன. ஆயினும் அவர் வசைமொழியோடு தொடங்கவில்லை. அறியாத தெய்வத்துக்கு என்று எழுதப்பட்ட ஒரு பலிபீடத்தைத் தாம் கண்டதாகச் சொல்லி, அங்கிருந்து பேச்சைத் தொடங்கினார். கேட்டவர்களின் சொந்தக் கவிஞர் ஒருவரையே சான்றுக்கு அழைத்தார். அது விண்மீன்களைப் பற்றி அராத்து என்பவர் இயற்றிய நூலில் உள்ள கருத்து. அராத்து சின்னப்பரின் சொந்த நாடான சிலீசியாவைச் சேர்ந்தவர்.

இறந்தோர் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொன்னவுடன் சிலர் சிரித்தார்கள். உடல் ஆன்மாவுக்குச் சிறை என்று எண்ணிப் பழகியவர்களுக்கு, அந்த உடலே மீண்டும் எழும் என்பது விந்தையாக இருந்தது. சிலர் மற்றொரு நாள் கேட்போம் என்றனர். சிலர் நம்பினர். நம்பியவர்களுள் தியொனீசியு என்ற மன்ற உறுப்பினரும், தாமரி என்ற ஒரு பெண்ணும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறார்கள். சிரிப்புக்கு அஞ்சிச் சின்னப்பர் தம் செய்தியைக் குறைக்கவும் இல்லை. கேட்போரை மதிக்காமல் பேசவும் இல்லை.

மேலங்கியைக் கழற்றாத ஞானி

கி.பி. 100-ஐ ஒட்டிச் சமாரியா நாட்டில் பிறந்த புனித யுஸ்தீன் உண்மையைத் தேடி ஆசிரியர் ஆசிரியராகச் சென்றார். முதலில் சென்ற ஸ்தோயிக்க ஆசிரியர், கடவுளைப் பற்றி அறிவது அவசியமில்லை என்றார். அரிஸ்டாட்டிலின் வழிவந்த அடுத்த ஆசிரியர், சில நாட்களிலேயே சம்பளத்தைப் பேசி முடிக்கச் சொன்னார். இவர் ஞானியே அல்லர் என்று யுஸ்தீன் விலகினார். பிதாகோரசின் வழிவந்தவரோ, இசையும் வானநூலும் வடிவக்கணிதமும் முதலில் கற்று வா என்றார். கணக்குக்கு அஞ்சும் தோழியர் யுஸ்தீனின் துயரத்தை உணர்வார்கள்! இறுதியில் பிளேட்டோவின் வழியில் மகிழ்ச்சியோடு முன்னேறினார். அப்போது கடற்கரையில் ஒரு முதியவரைச் சந்தித்து, அவர் வாயிலாக இறைவாக்கினரையும் கிறிஸ்துவையும் அறிந்தார்.

கிறிஸ்தவரான பின்பும் அவர் தத்துவஞானிகள் அணியும் மேலங்கியைக் கழற்றவில்லை. உரோமையில் ஒரு பள்ளி நடத்தினார். பேரரசர் அந்தோனின் பீயுவுக்குக் கிறிஸ்தவர் சார்பில் விளக்க நூல் எழுதினார். கடவுளின் லோகோஸ் எல்லா மனிதரிடத்தும் விதையாய்த் தூவப்பட்டிருக்கிறது; ஆகவே அறிவுக்கு இசைய வாழ்ந்த சாக்ரடீஸ் போன்றோரும் ஒரு வகையில் கிறிஸ்தவரே என்று அவர் வாதாடினார். தெய்வங்களை மறுப்பவர் என்று சாக்ரடீசைக் கொன்றார்கள். அதே பழியை இப்போது எங்கள் மேலும் சுமத்துகிறீர்கள் என்று சுட்டிக்காட்டினார்.

கி.பி. 165-ஐ ஒட்டி அவர் உரோமை நகர அதிகாரி ருஸ்திக்குவின் முன் நிறுத்தப்பட்டார். அந்த ருஸ்திக்கு யார் தெரியுமா? மார்க்கு அவுரேலியுவுக்கே தத்துவம் கற்பித்தவர்! ஞானத்தை விரும்பிய ஒருவர் தீர்ப்புச் சொல்ல, ஞானத்தை விரும்பிய மற்றொருவர் தலை கொடுத்தார். யுஸ்தீனுடன் இறந்த அறுவருள் கரீத்தோ என்ற பெண்ணும் ஒருவர். படிப்பு மட்டும் ஒருவரை நீதிமானாக்கிவிடாது என்பதற்கு இந்த வழக்கு சான்றாகும்.

இரு வேறு விடைகள்

கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், ஏதென்சுக்கும் எருசலேமுக்கும் என்ன உறவு என்று கோபத்தோடு கேட்டார். தப்பறைகள் எல்லாம் தத்துவத்திலிருந்தே முளைக்கின்றன என்பது அவர் அச்சம். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடக் கூடாது. கவர்ச்சியான பேச்சு உண்மையை மறைப்பதை நாமும் காண்கிறோம். ஆனால் தெர்த்துல்லியனே சிறந்த கல்விமான். கல்வியை எதிர்த்து எழுதும்போதும் கல்வி தந்த சொல்லாற்றலைத்தான் அவர் கையாண்டார்.

அலெக்சாந்திரியாவிலிருந்து வேறு விடை வந்தது. அங்கிருந்த மறைக்கல்விப் பள்ளியின் தலைவர் பந்தேனு முன்பு ஸ்தோயிக்கராக இருந்தவர். அவர் இந்தியாவரை சென்று நற்செய்தி அறிவித்தார் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதுகிறார். அக்காலத்தில் அரேபியாவையும் எத்தியோப்பியாவையும்கூட இந்தியா என்று அழைத்ததுண்டு. ஆதலால் அது நம் நாடுதானா என்பது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவருடைய மாணவர் கிளமெந்து, யூதரைக் கிறிஸ்துவிடம் அழைத்து வரத் திருச்சட்டம் உதவியது போல், கிரேக்கரை அழைத்து வரத் தத்துவம் உதவியது என்றார். இவருடைய நூலில் புத்தரின் பெயரும் வருகிறது.

அடுத்து வந்தவர் ஒரிஜன். கி.பி. 202-இல் அவருடைய தந்தை லெயொனிது வேதசாட்சியாகச் சிறையில் இருந்தபோது, மகனும் ஓடிப்போய் உயிரைக் கொடுக்கத் துடித்தார். தாய் என்ன செய்தார்? மகனுடைய உடைகளையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டார்! இளைஞர் வெளியே போக முடியவில்லை. அந்தத் தாயின் பெயர் வரலாற்றில் இல்லை. ஆனால் அவர் காப்பாற்றிக் கொடுத்த மகன் அக்காலத் திருச்சபையின் தலைசிறந்த அறிஞரானார். 17 வயது நிரம்புமுன்னே தந்தையை இழந்து, இலக்கணம் கற்பித்துத் தாயையும் ஆறு தம்பியரையும் காப்பாற்றினார்.

ஒரிஜன் தம் மாணவருக்கு அளவையியல், வடிவக்கணிதம், வானநூல் ஆகியவற்றைக் கற்பித்த பின்பே விவிலியத்துக்கு வந்தார். எகிப்தை விட்டு வெளியேறிய இஸ்ராயேலர் எகிப்தியரின் பொன்னைக் கொண்டுவந்து கடவுளின் கூடாரத்துக்குப் பயன்படுத்தியது போல், கிரேக்கரின் கல்வியையும் பயன்படுத்துக என்பது அவர் அறிவுரை. அதே பொன்னால் கன்றுக்குட்டியும் செய்யலாம் என்று எச்சரிக்கவும் தவறவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்குச் சுருக்கெழுத்தாளர் எழுவருக்கு மேல் இருந்தனர். அவற்றைப் படியெடுக்க, அழகிய கையெழுத்தில் பயிற்சி பெற்ற இளம்பெண்களும் இருந்தனர் என்று யூசேபியு குறிப்பிடுகிறார். ஒரிஜனின் நூல்கள் பரவியதில் அப்பெண்களின் விரல்களுக்கும் பங்கு உண்டு.

கதவு அடைக்கப்பட்டபோது

நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியா நாட்டைச் சேர்ந்த பெரிய பசிலியாரும் நாசியான்சு கிரகோரியாரும் ஏதென்சில் ஒன்றாகப் படித்தார்கள். அதே காலத்தில் அங்கே ஜூலியன் என்ற அரச குடும்பத்து இளைஞரும் படித்தார். அவர் பேரரசரானதும், வளர்ந்த கிறிஸ்தவ மறையை விட்டுப் பழைய தெய்வங்களுக்குத் திரும்பியதை வெளிப்படையாகக் காட்டிக்கொண்டார். கி.பி. 362-இல், ஹோமரின் தெய்வங்களை நம்பாதவர்கள் ஹோமரைக் கற்பிக்கக் கூடாது என்று கிறிஸ்தவ ஆசிரியர்களைத் தடை செய்தார். வேண்டுமானால் தங்கள் கோயில்களுக்குப் போய் மத்தேயுவையும் லூக்காசையும் கற்பிக்கட்டும் என்றார்.

ஏதென்சில் இருந்த கிறிஸ்தவ ஆசிரியர் புரொஹெரேசியுவுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. தம் சகோதரருக்கு இல்லாத சலுகை தமக்கு வேண்டாம் என்பது போல, அவர் பதவியைத் துறந்தார். கிரகோரியார் கொதித்தெழுந்து எழுதினார். கிரேக்க மொழியும் இலக்கியமும் ஒரு சமயத்தாரின் தனிச் சொத்தா என்று வாதாடினார். ஏதென்சு நமக்கு எதற்கு என்று முன்பு கேட்டவர்களுக்கும் இப்போது அதன் அருமை புரிந்தது. மறு ஆண்டே ஜூலியன் போர்க்களத்தில் மாண்டார், தடையும் நீங்கியது.

பின்பு பசிலியார், கிரேக்க நூல்களை எப்படிப் பயில்வது என்று இளைஞருக்கு ஓர் உரை எழுதினார். தேனீ எல்லாப் பூவிலும் அமர்வதில்லை. அமர்ந்த பூவிலும் முழுவதையும் தூக்கிச் செல்வதில்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டு வருகிறது. மாணவரும் அவ்வாறே செய்க என்பது அவ்வுரையின் சாரம். படிக்காதே என்று அவர் சொல்லவில்லை. தேர்ந்து படி என்றார். தேர்ந்து படிப்பது படிக்காமல் இருப்பதைவிடக் கடினமானது.

ஆசிரியையான அக்காள்

இந்தப் பசிலியார் ஏதென்சிலிருந்து படிப்பு முடித்து வந்தபோது, தம் பேச்சுத்திறனில் பெருமிதம் தலைக்கேறி இருந்தாராம். அவரைத் திருத்தி நல்வழிப்படுத்தியவர் அவருடைய அக்காள் புனித மக்ரீனா. மக்ரீனாவை எந்த ஏதென்சுக்கும் யாரும் அனுப்பவில்லை. தாய் எம்மேலியாவே வீட்டில் ஞான நூலையும் திருப்பாடல்களையும் கற்பித்தார். 12 வயதில் மணம் நிச்சயமாகி, மணமகன் இறந்துபோகவே, வேறு மணத்துக்கு அவர் இசையவில்லை. ஐரிஸ் ஆற்றங்கரையில் இருந்த தங்கள் குடும்பப் பண்ணையை ஒரு துறவு இல்லமாக மாற்றினார். நேற்றுவரை வேலைக்காரிகளாக இருந்தவர்களோடு, தாயும் மகளும் ஒரே பந்தியில் உண்டு, ஒரே வகைப் படுக்கையில் உறங்கினார்கள்.

கி.பி. 379-இல் மக்ரீனா மரணப் படுக்கையில் இருந்தார். சில மாதங்களுக்கு முன்தான் பசிலியார் இறந்திருந்தார். இளைய தம்பி நீசா கிரகோரியார் துக்கத்தோடு அக்காளைக் காண வந்தார். ஆறுதல் சொல்ல வந்த ஆயர், மூச்சுத் திணறும் அக்காளிடமிருந்து ஆறுதல் பெற்றார். ஆன்மாவையும் உயிர்த்தெழுதலையும் பற்றி இருவரும் பேசியதாக அவர் பின்பு ஓர் உரையாடல் நூல் எழுதினார். சாக்ரடீஸ் இறக்கும் நாளில் நண்பரோடு ஆன்மாவைப் பற்றிப் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய நூலின் சாயல் அதில் இருக்கிறது. ஆனால் சாக்ரடீசின் இடத்தில் இருப்பவர் ஒரு பெண். தம்பி சந்தேகங்களை எழுப்புகிறார், அக்காள் விடையளிக்கிறார். நூல் முழுவதும் தம்பி அவரை ஆசிரியை என்றே குறிப்பிடுகிறார். அரெயோபாகுவில் சிலர் கேட்டுச் சிரித்த அதே உயிர்த்தெழுதலுக்கு, கிரேக்க முறையிலேயே காரணம் காட்டி விளக்கம் தருபவராக மக்ரீனா அந்நூலில் விளங்குகிறார்.

மறைக்கக் கூடாத ஒரு பக்கம்

வரலாறு படிக்கும் நாம் இனிமையான பக்கங்களை மட்டும் புரட்டுவது நேர்மை ஆகாது. அலெக்சாந்திரியாவில் ஹைபேஷியா என்ற பெண் கணிதமும் வானநூலும் தத்துவமும் கற்பித்தார். கணித அறிஞர் தெயோனின் மகள் அவர். அவர் கிறிஸ்தவர் அல்லர்; ஆயினும் கிறிஸ்தவரும் அவரிடம் மாணவராக இருந்தனர். அவர்களுள் சினேசியு என்பவர் பிற்காலத்தில் ஆயரானார். ஆயரான பின்பும் அவரைத் தாயாகவும் ஆசிரியையாகவும் போற்றிக் கடிதம் எழுதினார்.

அந்நகரின் ஆளுநருக்கும் ஆயருக்கும் பகை மூண்டது. ஆளுநர் இணங்காமைக்கு ஹைபேஷியாவே காரணம் என்று வதந்தி பரவியது. கி.பி. 415-இல், கிறிஸ்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட ஒரு கூட்டம் அவரை வண்டியிலிருந்து இழுத்துச் சென்று கொடூரமாகக் கொன்றது. இச்செயல் அலெக்சாந்திரியத் திருச்சபைக்குப் பெரும் பழியைத் தேடித் தந்தது என்று எழுதி வைத்தவர் ஒரு கிறிஸ்தவ வரலாற்றாசிரியர். அவர் பெயரும் சாக்ரடீஸ்! ஏதென்சு ஒரு சாக்ரடீசைக் கொன்றது; அதே பெயர் கொண்ட ஒருவர் தம் சொந்தத் திருச்சபையினர் செய்த கொலையை மூடி மறைக்காமல் எழுதினார்.

முடிவுரை

கி.பி. 529-இல் பேரரசர் ஜுஸ்தீனியன் ஏதென்சில் தத்துவம் கற்பிப்பதைத் தடை செய்தார். எனினும் அந்த அறிவு அழியவில்லை. சிரியாவின் கிறிஸ்தவரும் பாக்தாதின் முஸ்லிம் அறிஞரும் அதைக் காத்தனர். 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலைத் துணையாகக் கொண்டு இறையியல் எழுதினார். 1509 முதல் 1511 வரை ரபாயேல் என்ற ஓவியர், வத்திக்கானில் திருத்தந்தையின் அறைச் சுவரிலேயே பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் நடுவில் நிறுத்திக் கிரேக்க ஞானிகளைத் தீட்டினார். எதிர்ச்சுவரில் இருப்பதோ நற்கருணையைச் சூழ்ந்து நிற்கும் புனிதர்கள்! 1998-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் விசுவாசத்தையும் பகுத்தறிவையும் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். இரண்டும் ஒன்றுக்கொன்று தேவை என்பது அதன் கருத்து.

அன்புத் தோழியரே, ஜூலியன் கிறிஸ்தவ ஆசிரியர்களுக்குத் தடை போட்டார். ஜுஸ்தீனியனும் தடை போட்டார். ஒருவர் கிறிஸ்தவ மறைக்கு எதிரி, மற்றவர் அதன் காவலர். பிறருடைய கேள்விகளுக்கு அஞ்சியதில் இருவரும் ஒன்றே. சின்னப்பரும் யுஸ்தீனும் மக்ரீனாவும் அவ்வாறு அஞ்சவில்லை. அவர்கள் கேட்டார்கள், தேர்ந்தார்கள், தாம் நம்பியதற்காக வாழ்ந்தார்கள், இறக்கவும் செய்தார்கள்.

மறைக்கல்வி வகுப்பில் எழும் சந்தேகத்தைக் கேட்கத் தயங்கி, வாயை மூடிக்கொண்டு வரும் தோழியருக்கு ஒன்று சொல்வோம். நீசா கிரகோரியார் ஓர் ஆயராக இருந்தும் மரணப் படுக்கையில் கிடந்த அக்காளிடம் தம் சந்தேகங்களைக் கேட்டார், அக்காளும் கோபித்துக்கொள்ளவில்லை. அதுபோல், நன்னெறி வகுப்பிலிருந்து வரும் தோழி தன் சமயத்து ஞானிகள் சொன்னதை நம்மிடம் சொல்ல வரும்போது, ஏதென்சு மக்களின் பலிபீடத்தை நின்று வாசித்துப் பார்த்த சின்னப்பரைப் போல, நாமும் நின்று கேட்போமாக.

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு